ஒரு பழைய வானொலியும் அதன் பாடபேதங்களும்

பழுதுற்ற பழம்பொருள் ஒன்று வீட்டில் இருக்குமாயின் அதனைக் குறித்து மூவகைக் கருத்துக்கள் எழுதல் இயல்பு. விற்றுவிடலாம் என்பார் ஒருவர். அழகுக்காக வைத்திருக்கலாம் என்பார் மற்றொருவர். உள்ளே இருப்பவற்றை எறிந்துவிட்டுப் புதியன வைத்துப் பயன்கொள்ளலாம் என்பார் வேறொருவர். உள்ளதை உள்ளவாறே உயிர்ப்பித்தல் வேண்டும் என்னும் நான்காவது கருத்துடையார் பெரும்பாலும் வீட்டில் இளையராகவோ வேலையற்றவராகவோ இருப்பர். சென்ற கோடை விடுமுறையில் யான் இவ்விரண்டுமாக இருந்தேன். ஆதலின் நான்காம் கட்சியிற் சேர்வது எனக்கு எளிதாயிற்று.

வழக்குக்குரிய பொருள் ஒரு வானொலிப் பெட்டி. என் தந்தையாரின் தந்தை அதனை வாங்கியவர். திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தார். பல மாதச் சம்பளத்திற் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து, 1965ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் அதனை வாங்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் வைத்துக் கொண்டுவந்தார் என்பது வீட்டு வரலாறு. சென்னையில் 1938ஆம் ஆண்டிலும் திருச்சியில் 1939ஆம் ஆண்டிலும் வானொலி நிலையங்கள் தோன்றிவிட்டனவாயினும், திருநெல்வேலிக்கு ஒரு நிலையம் வாய்த்தது 1963ஆம் ஆண்டிலேயாம். அருகில் ஒரு நிலையம் வந்த பின்னரே தாத்தா பெட்டிக்குப் பணம் செலவிடத் துணிந்தனர் போலும். பெட்டி பிலிப்ஸ் நிறுவனத்தார் செய்தது. ஐந்து வால்வுகளும், நிலையம் செவ்வனே அகப்பட்டதைப் பச்சை ஒளியாற் காட்டும் 'மாயக்கண்' ஒன்றும் உடையது. நடு அலை ஒன்றும் சிற்றலை இரண்டும் அதிற் கேட்கலாம்.

அதன் பின்பலகையின் உட்புறத்தில் அஞ்சலகத்தார் கொடுத்த உரிமச் சீட்டு ஒன்று ஒட்டியபடி இருந்தது. இக்காலத்து மாணவர் பலர்க்கு இது வியப்பாயிருக்கும். வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அரசினர்க்குக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறல் வேண்டும் என்பது பண்டை வழக்கு. 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருத்தலையே குற்றமாக்கியிருந்தது. வீட்டு வானொலிக்குரிய அக்கட்டணம் 1980களில் ஒழிந்தது. எங்கள் பெட்டி அதற்குப் பின்னும் சில ஆண்டு பேசி, தொலைக்காட்சி வந்தபின் ஊமையாகி, நெற்குதிருக்கு மேலே ஏறி அமர்ந்தது. தாத்தா 2011ஆம் ஆண்டில் காலமானார்.

கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா, மூன்றாம் கருத்தை வலியுறுத்தியவர். பெட்டியைக் காலிசெய்து, கைப்பேசியின் பாட்டைக் கம்பியின்றி வாங்கி ஒலிக்கும் புளூடூத் பலகை ஒன்றை உள்ளே பொருத்திவிடின், வரவேற்பறைக்கு அழகும் ஆயிற்று, நாள்தோறும் பாட்டும் ஆயிற்று என்றார். இதனை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று. வால்வு வானொலி கேட்பார் இன்று எத்துணையர்? சிற்றலையில் தமிழ் பேசிய குரல்களுட் பல அடங்கிவிட்டன. லண்டனிலிருந்து 1941ஆம் ஆண்டு தொடங்கி வந்துகொண்டிருந்த பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது. பேசுவோர் இல்லாத ஊரிற் செவியைச் செப்பனிடுவது எதற்கு என்பது சித்தப்பாவின் வினா. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்திற்குள் யான் பேசவைத்தால் பெட்டி எனக்கு, இல்லையேல் அவர்க்கு என்று முடிவாயிற்று. ஒரு வாரம் ஒரு மாதமாக நீண்டது. சித்தப்பா அதனைப் பாராட்டவில்லை.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றியவுடன் முதலிற் கண்டவை பல்லி முட்டை ஓடுகளும் கரப்பான் எச்சமுமே. அவற்றைத் தூரிகையால் அகற்றிய பின் வால்வுகள் தெரிந்தன. விரற்கடை பருமனுள்ள கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றின்மேலும் மங்கிய எழுத்துக்கள்: ஈசிஎச் 81, ஈஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80. மாயக்கண்ணின்மேல் ஈஎம் 80. இவற்றை முதன்முறை காண்போர் இடுகுறிப் பெயர்கள் என்றே கருதுவர். உண்மையில் இவை காரணப் பெயர்கள், அன்றியும் பகுபதங்கள். நன்னூல் படித்தவனுக்கு இதனைக் கண்டபொழுது உண்டான மகிழ்ச்சியை மின்னியல் படித்தோர் அறியார்.

1934ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய வால்வுகளுக்கு வழங்கிவரும் இம்முறையில், முதலெழுத்து இழைக்கு வேண்டும் மின்சாரத்தை உணர்த்தும். 'ஈ' என்பது 6.3 வோல்ட். 'யு' என்றிருப்பின், இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பெற்று 100 மில்லி ஆம்பியரில் எரிவன என்பது பொருள். அடுத்து வரும் எழுத்துக்கள் குடுவையினுள் அடங்கிய உறுப்பைக் குறிக்கும். 'சி' மூன்று முனையுடையது; 'எச்' ஆறோ ஏழோ முனையுடையது; 'எஃப்' ஐந்து முனையுடையது; 'எல்' ஐந்து முனையுடையதாய், ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றல் வாய்ந்தது; 'பி' இரண்டு டையோடுகள்; 'இசட்' மாறுமின்னோட்டத்தை நேராக்குவது; 'எம்' கண். இறுதி எண்ணில் 8 என்பது ஒன்பது ஊசிகளையுடைய அடிப்பகுதியைக் காட்டும். ஆகவே ஈபிசி 81 என்னும் சொல்லைப் பிரித்தவளவில், 6.3 வோல்ட்டில் எரியும் இழையும், இரண்டு டையோடும், ஒரு மும்முனைப் பெருக்கியும், ஒன்பது ஊசியும் உடைய குடுவை என்று பொருள் பெறப்படும். ஒரு சொல்லுக்குள் இத்துணைச் செய்தியைச் சுருக்கியவர்கள் இலக்கணம் அறிந்தவர்களே. சந்தியும் சாரியையும் இல்லாமை ஒன்றுதான் குறை.

இவ்வைந்தும் ஆற்றும் தொழில், 1918ஆம் ஆண்டில் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் கண்ட 'சூப்பர்ஹெட்டரோடைன்' முறையைச் சார்ந்தது. வானத்தில் எத்தனையோ அலைகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் அதனதன் அதிர்வெண்ணிலேயே பெருக்குவது தொல்லை. ஆதலின் பெட்டியே தனக்குள் ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையோடு கலந்து, இரண்டன் வேற்றுமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். திருநெல்வேலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸ் அலையைக் கேட்கவேண்டின் பெட்டி 1652 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும். வேற்றுமை 455. திருச்சியின் 936 வேண்டுமாயின் உள்ளலை 1391 ஆகும். அங்கும் வேற்றுமை 455 தான். எந்நிலையம் வந்தாலும் 455 ஆக்கிவிட்டால் அவ்வொன்றையே நன்கு பெருக்குமாறு கருவிகளை அமைத்துவிடலாம். வேற்றூரார் எல்லாரும் சத்திரத்து வாயிலிலேயே ஓர் உடைக்கு மாறி உள்ளே செல்வது போன்றது இது. கலப்பது ஈசிஎச் 81, பெருக்குவது ஈஎஃப் 89, அலையினின்று குரலைப் பிரிப்பது ஈபிசி 81, குரலை வலுப்படுத்தி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஈஎல் 84.

இவற்றைப் புத்தகத்தில் அறிவது ஒன்று. பெட்டிக்குள் கையிடுவது மற்றொன்று. அடுத்த பேரூரில் முன்னாளில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் உளர். அகவை எண்பதுக்கு அணித்து. அக்கடையில் இன்று அவர் மகனார் கைப்பேசி விற்கின்றார். பெரியவர் வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார். பெட்டியைப் பற்றிச் சொன்னவுடன் அவர் கேட்ட முதற் கேள்வி, "பிளக்கைச் சொருகிப் பார்த்தாயோ?" என்பது. இல்லை என்றேன். "அப்படியானால் உட்கார்" என்றார். சொருகிப் பார்த்துவிட்டு வருவோரை அவர் உட்காரச் சொல்வதில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

நெடுங்காலம் உறங்கிய பெட்டிக்கு முழு மின்சாரத்தையும் ஒருங்கே ஊட்டுவது அதற்கு நஞ்சாகும். காரணம் வால்வுகள் அல்ல. அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பாடநூல்கள் மின்தேக்கி என்றும் கடைத்தெரு கண்டன்சர் என்றும் வழங்கும் உறுப்பே காரணம். அக்காலத்துக் கண்டன்சர்கள் மெழுகூட்டிய காகிதத்தைத் தகட்டோடு சுருட்டிச் செய்தவை. காகிதம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரம் உறிஞ்சிக் கசியும். அவற்றுள் ஒன்று எல்லாவற்றினும் கொடியது. ஈபிசி 81க்கும் ஈஎல் 84க்கும் இடையே நின்று, குரலை மட்டும் விடுத்து மின்னழுத்தத்தைத் தடுப்பது அதன் கடமை. அது கசிந்தால் ஈஎல் 84 அளவிறந்த மின்னோட்டத்தை இழுத்துக் கொதிக்கும். உடன் ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரும் வெந்துபோம். ஓரிரண்டு ரூபாய் மதிப்புள்ள காவலன் உறங்கினால் கருவூலமே போய்விடும் என்க.

பெரியவர் கூறிய இரண்டாவது செய்தி உயிரைப் பற்றியது. "தம்பி, இந்தப் பெட்டிக்குள் 250 வோல்ட்டு நிற்கும். சுவிட்சை அணைத்தாலும் கண்டன்சரில் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கிவிட்டு, மீட்டரால் பார்த்த பின்தான் தொடவேண்டும். ஓட்டத்தில் இருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள். இரண்டு கையும் உள்ளே போனால் அது நெஞ்சு வழியாகத்தான் போகும்." யான் அன்றே பையுள்ள சட்டை இரண்டை அத்தொழிலுக்கென ஒதுக்கினேன். எங்கள் பெட்டியில் மின்வாய் டிரான்ஸ்பார்மர் இருந்தது நற்பேறு. அஃதில்லாத 'யு' வகைப் பெட்டிகளில் இரும்புச் சட்டமே நேரே மின்கம்பியோடு தொடர்புற்றிருக்கும். பயில்வோர் அவற்றை விட்டு விலகுதல் நன்று.

மூன்றாவதாக அவர் 'சீரிஸ் விளக்கு' ஒன்று செய்துகொடுத்தார். 60 வாட் இழை விளக்கு ஒன்றின் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் செல்லும்படி அமைத்த பலகை அது. பெட்டிக்குள் எங்கேனும் முட்டுக்கம்பி இருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரிந்து, பெட்டியைக் காக்கும். குறையில்லையாயின் ஒருகணம் ஒளிர்ந்து, பின் மங்கும். அதற்குரிய இழை விளக்கைத் தேடி மூன்று கடை ஏறி இறங்க நேர்ந்தது. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது.

வெளிப்பணியை விரைவிற் கூறிவிடுகின்றேன். நூலுறையிட்ட பழைய மின்கம்பி பொடிப்பொடியாய் உதிர்ந்தது, மாற்றினேன். யாரோ ஒருவர், முன்னொரு காலத்தில், பியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்; அதனை நீக்கி முறையான பியூஸ் இட்டேன். ஸ்பீக்கரின் கூம்புக் காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. மெல்லிய தாளும் பசையும் அதற்குப் போதியவாயின. நிலையம் காட்டும் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தது. அதற்குத் தூத்துக்குடியிலிருந்து வருவித்த பின்னல் தூண்டில் நூல் பொருந்திற்று. நூலை உருளையிற் சுற்றும் வழியை அறிய அரைநாளும், சுற்ற ஐந்து நிமிடமும் சென்றன.

இனிக் கண்டன்சர்க்கு வருவோம். பழையன பதினொன்றை நீக்கிப் புதியன வைத்தல் வேண்டியதாயிற்று. இங்கேதான் ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண மின்னியலினும் எங்கள் ஆனர்ஸ் வகுப்பே எனக்கு உதவியது. பழம்பெட்டிகளைப் புதுக்குவோரிடையே, மேனாடுகளிற் பெரிதும் போற்றப்படும் ஒரு கலை உண்டு. பழைய கண்டன்சரின் கூட்டைச் சூடாக்கி, உள்ளிருப்பதைக் குடைந்தெடுத்து, அதனுள் புதிய சிறு கண்டன்சரை ஒளித்துவைத்து, மெழுகால் மூடிவிடுவர். பார்ப்போர்க்கு அனைத்தும் பழையனவாகவே தோன்றும். கைத்திறன் என்ற அளவில் இது பாராட்டத் தக்கதே. ஆயினும் என் மனம் அதற்கு ஒருப்படவில்லை.

என்னை? ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவர், செல்லரித்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பி, அது புலவன் வாக்கே என்று தோன்றச் செய்வாராயின் அவரை நாம் என்னவென்போம்? புறநானூற்றை 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் அவர்கள் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார்களேயன்றித் தாமாக நிரப்பினார்களில்லை. 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை; கிடைக்கவில்லை என்றே நூல் சொல்லும். நானூறு என்னும் எண் நிறையவேண்டும் என்பதற்காக எவரும் இரண்டு பாட்டுக் கட்டிச் சேர்க்கவில்லை. செம்புக் கம்பியைப் பியூஸாக முறுக்கியவர் செய்தது இடைச்செருகல். பழைய கூட்டில் புதிய கண்டன்சரை ஒளிப்பதும், அதனினும் அழகிய ஓர் இடைச்செருகலே. ஆதலின் யான் புதியவற்றை மஞ்சள் நிறத்தோடு வெளிப்படத் தெரியும்படி வைத்தேன். நீக்கியவற்றை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியிலிட்டு, எது எவ்விடத்தது, அளவு யாது, மாற்றிய நாள் எது என்று எழுதிய தாள் ஒன்றைப் பின்பலகையில் அந்த உரிமச் சீட்டின் அருகே ஒட்டினேன். பெரியவர் இதனைக் கண்டு நகைத்தார். அவர் காலத்தில் எரிந்த பொருளைத் தெருவில் எறிவதே வழக்கமாம். 'ரிப்பேருக்கு யாராவது முன்னுரை எழுதுவார்களா?' என்று கேட்டார்.

மாற்றியவற்றை விட மாற்றாது விட்டவையே எனக்கு மிகுந்த ஆராய்ச்சி தந்தன. நிலையங்களைக் காட்டும் கண்ணாடியைத் துடைத்தலில் அறிந்தோர் அனைவரும் ஓர் எச்சரிக்கை கூறுவர். அதன் எண்களும் எழுத்துக்களும் கண்ணாடியின் பின்புறத்தில் பூசிய வண்ணமே. ஈரத்துணி பட்டால் எழுத்துத் துணியோடு வந்துவிடும். ஆதலின் பின்புறத்தை உலர்ந்த தூரிகையால் மட்டும் தொட்டேன். முன்புறம் அஞ்ச வேண்டுவதன்று. ஆயினும் அங்கே கறுத்த மையில், எறும்பளவாக, கையால் இட்ட குறிகள் சில இருந்தன. நடு அலை வரிசையில் ஒரு 'நெ'. அதனை ஒட்டி, ஒரு மயிரிழை தள்ளி, மற்றொரு 'நெ'. முன்னையது குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. சற்று அப்பால் ஒரு 'கொ'. சிற்றலையில் 31 மீட்டர் அருகே ஒரு 'ல'.

'நெ' நெல்லை, 'கொ' கொழும்பு, 'ல' லண்டன் என்பதில் ஐயமில்லை. நெல்லைக்கு இரண்டு குறி ஏன்? சுவடியிற் பாடபேதம் கண்டவனைப் போல யான் இதன்பின் சில நாள் அலைந்தேன். 1975ஆம் ஆண்டில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி நடு அலை வரிசையைப் புதுவகையாகப் பங்கிட்டன. அப்பங்கீடு 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நம் பகுதியில் நிலையங்களின் அதிர்வெண்கள் ஒன்பது ஒன்பதாக அமைந்தன. 1197ஐ ஒன்பதால் வகுத்துப் பார்மின். மீதமின்றி 133 வரும். திருச்சியின் 936ஐ வகுப்பின் 104. அடித்த 'நெ' அதற்கு முன்னையது, அடிக்காத 'நெ' பின்னையது என்று கருதுகின்றேன். ஜெனீவாவில் இட்ட கையெழுத்து எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு மயிரிழை அகலத்திற்கு வந்து சேர்ந்திருந்தது.

குறிகள் யாவும் தாத்தாவின் கை என்றே வீட்டார் அனைவரும் சொல்லிவந்தனர். ஆசிரியர் அவர், மையும் பேனாவும் அவருடையவை. கண்ணாடியின் அழுக்கைச் சோப்பு நீரால் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிடுமாறு என் தந்தையார் சொன்னபொழுது, அதுவரை பேசாதிருந்த ஆச்சி, "கொழும்பை மட்டும் அழிச்சிராதே ஐயா" என்றார்கள். ஏன் என்றேன். "அது நான் எழுதுனது."

பின்னர் ஆச்சி மெல்ல மெல்லச் சொன்னவற்றைத் தொகுத்து எழுதுகின்றேன். காலையில் நெல்லைச் செய்தியும் இரவில் லண்டன் செய்தியும் தாத்தாவுக்கு உரியன. அப்போது வீட்டில் ஒருவரும் பேசுதல் கூடாது. முள்ளை வேறிடத்திற்குத் திருப்பினால் மீண்டும் கண்டுபிடிப்பது அரிது என்று சொல்லி, பெட்டியை அவரன்றி எவரும் தொடவிடுவதில்லை. ஆச்சியின் பிறந்த வீட்டார் கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள். ஆச்சியின் தமையனார் அங்கேயே இருந்தார். தாத்தா பள்ளிக்குச் சென்றபின், ஆச்சி பெட்டியைத் திருகிக் கொழும்பு நிலையத்தின் தமிழ்ப் பாட்டுக்களைக் கேட்பது வழக்கமாம். மாலையில் முள்ளை நெல்லைக்கே திருப்பி வைத்துவிட வேண்டும். மறுநாள் மீண்டும் கொழும்பைத் தேடல் வேண்டும். அதற்காகவே, ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்தில், சிறிதாக ஒரு 'கொ'. தாத்தா அதனைக் கண்டாரா என்று கேட்டேன். "காணாம இருப்பாகளா?" என்றார்கள். கண்டும் அவர் ஒன்றும் கேட்டதில்லையாம், அழிக்கவும் இல்லையாம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் தமையனாரின் கடை போயிற்று. அதன்பின் ஆச்சி அக்குறியிற் பெட்டியைத் திருப்பவில்லை.

உற்றுநோக்கின், 'கொ'வின் கொம்பு 'நெ'யின் கொம்பைப் போல் வளையாது நேரே நிற்பது இப்பொழுது தெளிவாகத் தெரிகின்றது. இரண்டு கை. அறுபதாண்டுக்கு அணித்தாக ஒருவரும் நோக்காதிருந்தோம்.

பெட்டி பேசிய மாலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சீரிஸ் விளக்கு ஒளிர்ந்து மங்கியது. வால்வுகளில் செந்நிறம் ஏறிற்று. அரை நிமிடம் ஒன்றும் இல்லை. வால்வு பெட்டியில் அந்த அரை நிமிடம் மிக நீண்டது. பின்பு ஒரு மெல்லிய முரல், பின்பு இரைச்சல், முள்ளைத் திருக, இரண்டாவது 'நெ'யின் கீழே தமிழ் கேட்டது. என் தந்தையார் எழுந்து சென்று சித்தப்பாவுக்குத் தொலைபேசியிற் கேட்பித்தார். ஆச்சி சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, கொழும்புக்குத் திருப்பும்படி சொன்னார்கள். திருப்பினேன். அவ்விடத்தில் அன்று சீழ்க்கையும் இரைச்சலுமே வந்தன. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லி, அதனைக் கேட்டுக்கொண்டே அரிசி பொறுக்கினார்கள்.

இரைச்சலைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். அதனுட் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதன்று. அண்டை வீடுகளிலிருந்து வருவது. கைப்பேசிக்கு மின்னூட்டும் கருவிகளும் எல்.இ.டி. விளக்குகளும் நடு அலையிற் கலக்கம் விளைப்பன. தாத்தா காலத்தில் இல்லாத பகை இது. மின்சாரம் நின்றால் இப்பகை ஒருங்கே ஒழியும்; ஆனால் வானொலியும் உடன் நின்றுவிடுமே! சன்னலிலிருந்து வேப்பமரம் வரை முப்பது அடிக் கம்பியை ஏரியலாகக் கட்டிய பின்னரும், விடியற்காலை நான்கு மணிக்கே தெளிவாகக் கேட்கின்றது.

சித்தப்பாவின் வழக்கும் ஒருவாறு தீர்ந்தது. பெட்டியின் பின்புறத்தில் கிராமபோன் குறியோடு இரண்டு துளைகள் உள்ளன. இசைத்தட்டுக் கருவியை அங்கே இணைத்து வானொலியின் ஸ்பீக்கர் வழியே பாட்டுக் கேட்கும்பொருட்டு, செய்தவர்களே விட்டுவைத்த வழி அது. கைப்பேசியின் இடம் வலம் ஆகிய இரண்டு ஒலிகளையும் ரெசிஸ்டர் இரண்டின் வழியாக ஒன்றாக்கி அத்துளைகளில் தந்தேன். ஒன்றையும் அறுக்கவில்லை, ஒன்றையும் எறியவில்லை. 1965ஆம் ஆண்டுப் பெட்டியில் இன்றைய கைப்பேசி பாடுகின்றது. கிறிஸ்மஸ் விடுமுறையில் வந்த சித்தப்பா, பழைய இலங்கை வானொலி நிகழ்ச்சிகளின் பதிவுகள் சிலவற்றைத் தேடி எடுத்து ஆச்சிக்கு அவ்வழியே கேட்பித்தார். அது வானொலியன்று என்பதை ஆச்சி உடனே கண்டுகொண்டார்கள். இரைச்சல் இல்லையாம்.

கண்டன்சர், பியூஸ், கம்பி, தூண்டில் நூல் அனைத்திற்கும் ஆன செலவு 640 ரூபாய். பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். பதிலாக ஆச்சி செய்த முறுக்கு ஒரு தூக்குவாளி நிறையச் சென்றது.

இன்னும் ஒரு குறை உளது. மாயக்கண் மங்கிவிட்டது. ஒளிப்பூச்சு தேய்ந்துபோன கண்ணுக்கு மருந்தில்லை. வேறு கண்தான் வைத்தல் வேண்டும். நள்ளிரவில் விளக்கனைத்துப் பார்த்தால் மட்டும் பாசி நிறத்தில் ஒரு கீற்றுத் தெரியும். நம் கல்லூரியின் பழைய மாணவர்களுள் எவரது வீட்டுப் பரணிலேனும் பழுதுபட்ட வால்வு வானொலி கிடந்து, அதில் ஈஎம் 80 என்னும் குடுவை உடையாதிருக்குமாயின், தமிழ்த்துறை வாயிலாக எனக்குத் தெரிவிக்க வேண்டுகின்றேன். விலைக்கே பெற்றுக்கொள்வேன். அப்பெட்டியின் கண்ணாடியைத் துடைக்குமுன் யாரேனும் ஏதேனும் எழுதியுள்ளனரா என்று பார்த்துவிட்டுத் துடைக்குமாறும் கேட்டுக்கொள்கின்றேன்.